ஒன்றரை ஷிப்ட் ஆட்டம்

எந்தக் காலத்து பாஸ்கெட்பால் ஆட்டக்காரர்கள் பலசாலிகள் என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் நான் இடத்தைக் காலி செய்துவிடுவேன். அமெரிக்காவில் கோடிகளுக்கு ஆடுகிறவர்களைப் பற்றிய பேச்சாக இருந்தாலும் சரி, நம்மூரில் கம்பெனிச் சம்பளத்துக்கு ஆடியவர்களைப் பற்றியதாக இருந்தாலும் சரி. அந்தக் காலத்து ஆளை இந்தக் காலத்தில் இறக்கினால் என்ன ஆவான், இந்தக் காலத்து ஆளை அந்தக் காலத்துக்கு அனுப்பினால் தாங்குவானா என்று டீ ஆறுகிற வரைக்கும் பேசுவார்கள். நான் எழுந்து வந்துவிட்டால், இவனுக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம் என்பார்கள். இருக்கட்டும். அந்தப் பேச்சைப் பேச்சோடு விடாமல், நிஜமாகவே நடத்திப் பார்த்த ஒரு திருப்பூர்க் கம்பெனியில் நான் வேலை பார்த்திருக்கிறேன்.

நான் திருப்பூர்க்காரன் இல்லை. தூத்துக்குடிப் பக்கம் கடலோரத்து ஊர். சர்ச்சுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் ஆடப் பழகியவன். டிகிரி முடித்துவிட்டு வேலை இல்லாமல், ஊர் ஊராகப் போட்டிகளுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். பந்து சோறு போடுமா என்று அம்மா கேட்காத நாள் இல்லை. கோயமுத்தூரில் ஒரு போட்டியில் என் ஆட்டத்தைப் பார்த்த ஒரு பனியன் கம்பெனி முதலாளி, ஆட்டம் முடிந்ததும் தோளில் கை போட்டார். "எங்க கம்பெனிக்கு வந்துரு கண்ணு. வேலையும் தாரேன், ஆடவும் உடறேன்" என்றார். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. திருப்பூரில் தையல் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் வேலை இருந்தது. எங்கள் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள். நானும் ஏறினேன்.

கம்பெனி திருப்பூரை ஒட்டிய வீரபாண்டியில் இருந்தது. பின்பக்கம் லாரி நிற்கும் இடத்தை ஒட்டி முதலாளி ஒரு சிமென்ட் கோர்ட் போட்டு வைத்திருந்தார். எங்கள் டீமில் இருந்த எல்லோருக்கும் அடையாள அட்டையில் 'செக்கிங்' என்று போட்டிருந்தது. காலையில் கொஞ்ச நேரம் செக்கிங் டேபிளில் நின்று, தைத்து வந்த டி-ஷர்ட்டுகளில் ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்ப்போம். மத்தியானத்துக்கு மேல் கோர்ட். மற்றவர்களுக்கு உண்டான சம்பளம் எங்களுக்கும் உண்டு. எங்கள் ஊர்க் கணக்கில் அதுதான் புரொபஷனல். பக்கத்து டேபிள் அக்காக்கள் எங்களை 'பந்து மாப்பிள்ளைங்க' என்று கூப்பிடுவார்கள். மாமியார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற மாப்பிள்ளை என்று அர்த்தம். எங்களுக்கும் அது புரியும். சிரித்துக்கொள்வோம்.

முதலாளியும் ஆடியவர்தான். எண்பதுகளில் அவருடைய அப்பா நடத்திய சின்ன பனியன் கம்பெனியில், வேலைக்கு இருந்த ஆட்களையே சேர்த்து ஒரு டீம் வைத்திருந்தார். அரை டிராயரும் கேன்வாஸ் ஷூவுமாக அவர்கள் நிற்கும் படம் ஒன்று அவர் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருக்கும். மண் தரை, இரண்டு டியூப் லைட், பலகையில் அடித்த ரிங். அதில் ஆடி ஜில்லாவையே ஜெயித்தோம் என்பார். அவர் பேச்சில் எப்போதும் ஒரு வார்த்தை வந்து நிற்கும். ஒன்றரை.

திருப்பூரில் ஒரு நாளின் நீளத்தை யாரும் மணிக்கணக்கில் சொல்வதில்லை. காலையில் ஏறி சாயங்காலம் இறங்கினால் ஒரு ஷிப்ட். ராத்திரிச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் நின்றால் ஒன்றரை. சம்பளம் அப்படித்தான், சோர்வும் அப்படித்தான். பெண் கேட்டுப் போகிற இடத்தில்கூட "பையன் தெனமும் ஒன்றரை பாப்பானுங்க" என்று சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். முதலாளி எங்களை மட்டம் தட்டுவதும் அந்த அளவுகோலை வைத்துத்தான். "நாங்கெல்லாம் ஒன்றரை பாத்துட்டு வந்து ஆடுனவங்க. நீங்க அரை ஷிப்ட் பாத்துட்டு, ஜூஸ் குடிச்சுட்டு ஆடறீங்க. எங்க டீம் முன்னாடி நீங்க பால்வாடிப் பசங்கப்பா."

இதை அவர் தினமும் சொன்னார் என்றால் மிகையில்லை. ஜெயித்து வந்தாலும் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காலத்தைத் தராசில் வைத்து நிறுப்பதற்கு அது என்ன பருத்தி மூட்டையா?

அந்த வருடங்களில் கம்பெனிக்கு அமெரிக்க பாஸ்கெட்பால் டீம்களின் பெயர் அச்சடித்த டி-ஷர்ட் ஆர்டர்கள் வந்துகொண்டிருந்தன. பழைய காலத்து டிசைனில் ஒரு வகை, புதுசில் ஒரு வகை. அதை வைத்தும் ஓயாத சண்டை. டிவியில் விடியற்காலை ஆட்டம் பார்க்கிற பையன்கள் இந்தக் காலத்துக் கட்சி. துணி வெட்டுகிற கட்டிங் செக்ஷனில் இருந்தவர்கள் அளவைப் பார்த்து முடிவு கட்டுவார்கள். பழைய டிசைன் டி-ஷர்ட் உடம்பை ஒட்டினாற்போல் சின்னதாக வரும். புது டிசைன் தொளதொளவென்று முழங்கால் வரைக்கும் தொங்கும். "இதைய பாருங்க, இப்பத்த ஆளுக உடம்பு எத்தாச்சோடு பெருசுன்னு. அந்தக் காலத்து ஆளுக இவங்களை முட்டுனா தாங்குவாங்களா?" என்று மார்க்கர் பேனாவும் கையுமாக வாதாடுவார்கள். உடம்பு பெருக்கவில்லை, ஃபேஷன்தான் பெருத்திருக்கிறது என்று நான் சொன்னால் யார் கேட்டார்கள்? அளவு அட்டையைவிடப் பெரிய சாட்சி அந்த ஊரில் கிடையாது.

கட்டிங் செக்ஷனுக்கு இன்-சார்ஜாக இருந்தவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். முதலாளியின் அந்தப் பழைய டீமில் ஷூட்டர் அவர்தான். மெலிந்த ஆள், தாடியில் நரை. சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் கோர்ட்டுப் பக்கம் வந்து ஒரு பந்தைக் கேட்டு வாங்குவார். குதிக்க மாட்டார். நின்ற இடத்திலிருந்து போடுவார். ரிங்கில் படாமல் உள்ளே விழும். "ஒன்றரை ஷிப்ட் கட்டிங் அடிச்சுட்டு, அப்புறம் வந்து போடுவோமுங்க தம்பி. கட்டிங்ல நின்ன கை, பந்தைப் புடிச்சா நடுங்காது" என்பார். அவர் சொன்னால் எனக்குக் கோபம் வராது. முதலாளி மாதிரி அவர் அதைத் தூக்கித் தலையில் போடுவதில்லை.

எங்கள் டீமில் ஷூட்டர் சோமனூர்ப் பையன் ஒருவன். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவன். அவனுடைய அப்பா, அவன் வார்த்தையில் அய்யன், கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறவர். தெருவே தறிச் சத்தத்தில் நடுங்குகிற ஊரில் பிறந்ததாலோ என்னவோ, எத்தனை பேர் கத்தினாலும் அவன் காதில் விழாது. ஷூட் போட நின்றான் என்றால் ரிங்கைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. நான் பந்தைக் கொண்டுபோய் அவனிடம் கொடுப்பேன், அவன் போடுவான். எங்கள் டீமின் ஆட்டமே அவ்வளவுதான். அவனுடைய அலட்டிக்கொள்ளாத குணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எனக்கு இல்லாத குணம்.

அவனுக்கு ஒரு நல்ல காரியம் கூடிவந்திருந்தது. சென்னையில் ஓர் அரசுத் துறை டீமுக்கு ஆள் எடுத்தார்கள். போய் ஆடிக் காட்டினான், தேர்வாகிவிட்டான். ஆடுகிற வரைக்கும் ஆடலாம், ஆட முடியாத வயதில் ஆபீஸில் நாற்காலி, கடைசியில் பென்ஷன். உடல் தகுதி பார்க்கிற மெடிக்கல் மட்டும் பாக்கி. அடுத்த மாதம் வரச் சொல்லியிருந்தார்கள். அவனுடைய அய்யன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நல்லபடியா ஆயிருமுங்களா சாமி? வேலை உறுதிதானுங்களா?" என்று கேட்டார். உறுதிதான் என்று நான் சொன்ன பிறகும் நம்பிக்கை வராமல், வாட்ச்மேனிடம் போய் அதையே கேட்டார். இந்த வேலை வந்தால் தறியை விட்டுவிடலாம் என்று அவர் சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தார். அவர்கள் வீட்டில் எல்லாமே அந்த மெடிக்கலுக்காகக் காத்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கோயமுத்தூர் போட்டியில் அரையிறுதியில் தோற்றோம். முதலாளி பார்க்க வந்திருந்தார். திரும்பி வரும்போது வேனில் எங்களோடு ஏறிக்கொண்டார். பல்லடம் ரோடு முழுக்க அர்ச்சனை. எங்க காலத்துல, எங்க காலத்துல. நானும் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. "காலம் வேற, ஆட்டம் வேற முதலாளி. சேத்து வச்சுப் பேசுனா எப்படி?" என்றேன். அவர் சிரித்தார். "வேற என்ன வேற? அதே பந்து, அதே ரிங்கு. பேச்செதுக்கு? எங்க டீம் ஆளுக எல்லாம் இங்கதான இருக்கறாங்க. ஆடிப் பாத்துருவோம்" என்றார்.

எல்லோரும் வேடிக்கை என்றுதான் நினைத்தோம். மறுநாள் மேனேஜரைக் கூப்பிட்டுத் தேதியே குறித்துவிட்டார். மேனேஜர், "வயசு வித்தியாசம் இருக்குதுங்களே முதலாளி. நம்ம ஆளுக அம்பதைத் தொடப் போறாங்க" என்றார். முதலாளி அதற்கும் வழி வைத்திருந்தார்.

"அதைச் சமன் பண்ணிக்கலாம். எங்களுக்கு வயசு பாரம். பசங்களுக்கு வேலை பாரம். அன்னைக்கு அவங்க ஒன்றரை பாத்துட்டு வந்து ஆடட்டும். நாங்க ஊட்டுல படுத்துட்டு வந்து ஆடறோம். அப்பத்தான் சமம்."

அதோடும் விடவில்லை. "செக்கிங்ல நின்னாச் செல்லாது. அந்தக் காலத்துல எங்காளு எந்த செக்ஷன்ல நின்னானோ, ஆட்டத்துல அவனை மறிச்சுப் புடிக்கற பையன் அதே செக்ஷன்ல நிக்கோணும். ஆளுக்கு ஆளு, செக்ஷனுக்கு செக்ஷன்."

வெளிநாட்டுக்காரன் அனுப்பும் சாம்பிளைப் பக்கத்தில் வைத்து, நூல் பிசகாமல் அதே மாதிரி செய்து அனுப்பிப் பழகிய மனிதர். காலத்தையும் அப்படிச் செய்துவிடலாம் என்று நினைத்துவிட்டார். கம்பெனியே குதூகலமாகிவிட்டது. செக்கிங் அக்காக்கள் கட்சி பிரிந்தார்கள். கோர்ட்டுக்குப் புதுசாகக் கோடு போட்டார்கள். மைக் செட், பந்தல், விருந்தினராக இரண்டு மூன்று கம்பெனி முதலாளிகள், எல்லோருக்கும் பிரியாணி. பாய்கூட உற்சாகமாக இருந்தார். சோமனூர்ப் பையன் தோளைத் தட்டி, "ஒரு நாளு கட்டிங் டேபிள்ல நின்னு பாரு தம்பி. அப்புறம் தெரியும், பாய் சும்மா சொல்லலைன்னு" என்றார். அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான்.

எனக்கு மட்டும் சரியாகப் படவில்லை. அவனைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னேன்.

"ஏல தம்பி, உனக்கு மெடிக்கல் வருதுல்லா. இந்தக் கூத்தெல்லாம் உனக்கு எதுக்கு? வயித்து வலின்னு சொல்லிட்டு ஊருக்குப் போயிரு."

"அப்புறம் முதலாளி மூஞ்சியில எப்பிடீங்கண்ணா முழிக்கறது? இத்தனை வருசம் சோறு போட்டிருக்கறாரு. ஒரு நாளுதானுங்க, பாத்துக்கலாம்."

"கால் கீல் பிசகுச்சுன்னா?"

"மெதுவா ஆடிக்கறனுங்கண்ணா."

நான் பயந்தது காலுக்கும் முட்டிக்கும். ஆட்டக்காரன் புத்தி வேறு எங்கே போகும்? கோர்ட்டுக்குள்ளேதான் ஆபத்து என்று நினைத்தேன். அன்றைக்கு எங்களில் எவனுக்கும் கோர்ட்டுக்கு வெளியே எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

சாயங்கால ஆட்டத்துக்குள் ஒன்றரை முடிய வேண்டும் என்பதால் அன்றைக்கு விடிவதற்கு முன்பே எங்களை ஏற்றிவிட்டார்கள். நான் பிடிக்க வேண்டிய பழைய ஆள் அந்தக் காலத்தில் சுமை தூக்கியவர். அதனால் எனக்குத் துணி ரோல்களை லாரியிலிருந்து இறக்கும் வேலை. பத்து மணிக்கே இடுப்பு விட்டுப்போனது. சோமனூர்ப் பையன் கட்டிங்கில். முதலில் அவனைத் துணி விரிக்கத்தான் விட்டிருந்தார்கள். நீளமான மேஜையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அளவு வரைந்து, மொத்தமாக மிஷினில் வெட்டுவார்கள். செங்குத்தாகக் கத்தி மேலும் கீழும் ஓடுகிற மிஷின். வலது கையால் அதைத் தள்ள வேண்டும், இடது கையால் துணி நகராமல் அமுக்கிப் பிடிக்க வேண்டும். அந்த இடது கைக்கு எஃகு வளையத்தில் செய்த ஒரு உறை உண்டு. வெளிநாட்டு ஆட்கள் சோதனைக்கு வருகிற அன்றைக்கு மாட்டுவார்கள். மற்ற நாட்களில் ஆணியில் தொங்கும்.

பாய் இருந்திருந்தால் அவனை மிஷின் பக்கமே விட்டிருக்க மாட்டார். ஆனால் பழைய டீம் ஆட்களுக்கு அன்றைக்கு லீவு. முதலாளி போட்ட சட்டப்படி பாய் வீட்டில் படுத்திருந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், விரிக்கிறது மட்டும் கட்டிங் ஆகுமா, வெட்டினால்தானே சமம் என்று யாரோ கிண்டல் செய்திருக்கிறார்கள். இவனும் சரி என்று மிஷினைப் பிடித்திருக்கிறான்.

நான் ரோலைத் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே வரும்போது கட்டிங் பக்கம் சத்தமில்லை. அந்த நேரத்தில் அந்தப் பக்கம் சத்தமில்லாமல் இருக்கக் கூடாது. ரோலைப் போட்டுவிட்டு ஓடினேன். அவன் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். இடது கையை வலது கையால் பொத்தியிருந்தான். முழுக்க வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள், அதன் மேலெல்லாம் ரத்தம். என்னைப் பார்த்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

"துணி வீணாப் போச்சுங்கண்ணா."

கறை பட்ட துணி ரிஜெக்ட் என்பது எங்களுக்கு ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. நான் அவனை அப்படியே அணைத்துக்கொண்டு வெளியே இழுத்து வந்தேன். மிஷின் ஆபரேட்டர் பின்னாலேயே ஓடிவந்து, ஒரு பனியன் துணியில் சுற்றி எதையோ என் கையில் கொடுத்தார். அது என்னவென்று எனக்குத் தெரிந்தது. பிரித்துப் பார்க்கவில்லை.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும். நசுங்கியும் போயிருந்ததால் ஒட்ட வைக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆபரேஷன் முடியும் வரை நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். அவன் அய்யனுக்குப் போன் செய்ய வேண்டும். அவர்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில்தான் போன் இருந்தது, கூப்பிட்டால் போய் அழைத்து வருவார்கள். நான் இரண்டு தடவை நம்பரை அழுத்திவிட்டு இரண்டு தடவையும் வைத்துவிட்டேன். கடைசியில் லைன் கிடைத்து, கையில் சின்னக் காயம் என்று சொன்னேன். "எந்தக் கையிங்க சாமி?" என்று கேட்டார். இடது கை என்றேன். "அப்பத் தேவலாமுங்க" என்றார்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் பாய் வந்தார். ஆட்டத்துக்குப் புறப்பட்ட கோலத்திலேயே வந்திருந்தார், அந்தக் காலத்து அரை டிராயருக்கு மேல் வேட்டியைச் சுற்றிக்கொண்டு. விஷயத்தைக் கேட்டார். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் தன்னுடைய இடது கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் பேசினார்.

"கத்திரிங்க தம்பி."

எனக்குப் புரியவில்லை.

"அன்னைக்கு நான் வெட்டுனது கத்திரில. மிஷினெல்லாம் எக்ஸ்போர்ட் வந்தப்புறம் வந்துதுங்க. கத்திரி புடிச்சா கை மரத்துப் போகும், கொப்புளம் வரும். வெரலை எடுக்காதுங்க. இத்தனை வருசமா கட்டிங் அடிச்சுட்டு ஆடுனேன், கட்டிங் அடிச்சுட்டு ஆடுனேன்னு சொல்லிட்டே திரிஞ்சனே. கத்திரின்னு ஒரு வார்த்தை வாயில வரலையே தம்பி."

அவர் அழுதார். ஒரு வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தை முதலாளிக்கும் தோன்றவில்லை, மேனேஜருக்கும் தோன்றவில்லை. வெட்டிய அவருக்கே மறந்துபோயிருந்தது. மிஷின் வந்து அத்தனை வருடமாகிவிட்டதால், எப்போதுமே மிஷின்தான் இருந்தது போல எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. செக்ஷன் பெயர் மாறவில்லை அல்லவா? அதே கட்டிங், அதே மேஜை. நாங்கள் அதைச் சமம் என்று நம்பிவிட்டோம்.

ஆட்டம் நடந்தது. ஆமாம், நடத்தினார்கள். விருந்தாளிகள் வந்துவிட்டார்கள், பிரியாணி வெந்துவிட்டது, எப்படித் திருப்பி அனுப்புவது என்று முதலாளி கேட்டாராம். பையனுக்குச் சின்னக் காயம்தான் என்று அவரிடமும் யாரோ சொல்லியிருந்தார்கள். இந்தப் பக்கம் ஷூட்டர் இல்லை, பந்தைக் கொண்டுபோகிற நானும் இல்லை. அந்தப் பக்கம் பாய் இல்லை. ஆனாலும் ஆடி, பழைய டீம் ஒரு பாஸ்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது. சாப்பாட்டுக் கேரியரோடு ஆஸ்பத்திரிக்கு வந்த கம்பெனி டிரைவர்தான் இதைச் சொன்னார். பல வருடம் கழித்தும் அந்த ஜெயிப்பை ஆதாரமாகக் காட்டிப் பேசுகிறவர்களை நான் கேட்டிருக்கிறேன். பந்தலின் கீழே எல்லோர் கண் முன்னால் நிரூபித்துவிட்டார்களாம், பழைய காலம்தான் கெட்டியாம்.

மறுநாள் காலையில் முதலாளி வந்தார். முகம் இருண்டிருந்தது. ஆஸ்பத்திரிச் செலவு பூராவும் தன்னுடையது என்றார். அய்யனின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை, அதை நான் எங்கேயும் சொல்லுவேன். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"மனசை உட்றாதே கண்ணு. ஷூட் போடற கை வலது கைதான? அது நல்லாத்தான இருக்குது. எங்க காலத்துல ஒருத்தன் ஒத்தைக் கையிலயே போடுவான்."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "இன்னும் உங்க காலம் முடியலையா முதலாளி?" என்று கத்திவிட்டேன். நர்ஸ் எட்டிப் பார்த்தார். முதலாளி வெளியே போனார். அய்யன் என்னைத்தான் கண்டித்தார். பெரியவங்களை அப்படிப் பேசக் கூடாது என்றார்.

மெடிக்கலுக்கு அவனோடு நானும் சென்னைக்குப் போனேன். போகவே வேண்டாம் என்று நினைத்தோம். அய்யன்தான் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கச் சொன்னார், ஆடுகிற கை சரியாகத்தானே இருக்கிறது என்று. முதலாளி சொன்னதை அவர் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். வரிசையில் நின்றவர்களை டாக்டர் ஒவ்வொருவராக அழைத்தார். இவன் முறை வந்ததும் "ரெண்டு கையையும் நீட்டுப்பா" என்றார். நீட்டினான். அவர் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். எப்படி ஆச்சு என்று பரிவாகத்தான் கேட்டார். "வேலையிலங்க சார்" என்றான். என்ன வேலை என்று கேட்டார். பாஸ்கெட்பால் ஆட்டக்காரன், சம்பளம் வாங்குவது செக்கிங்கில், வெட்டுப்பட்டது கட்டிங்கில். இதை எப்படி ஒரு வரியில் சொல்வது? அவன் நீட்டிய கைகளை இழுத்துக்கொண்டான். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு பந்தைக் கையில் கொடுத்துப் போடு என்று சொல்லியிருந்தால் அந்த அறைக்கு வெளியிலிருந்தே போட்டிருப்பான்.

கம்பெனியில் அவனுக்கு நிரந்தரமாகச் செக்கிங்கில் வேலை கொடுப்பதாக முதலாளி சொன்னார். கொஞ்ச நாள் நின்றான். சாயங்காலத்தில் கோர்ட்டுக்கு வந்தும் பார்த்தான். போடுவதில் குறையே இல்லை, பந்து அவன் கையில் இருந்தால் போதும். ஆனால் நான் கொடுக்கிற பந்தை அவனால் பிடிக்க முடியவில்லை. இடது கையில் பட்டு நழுவி ஓடும். நான் மெதுவாகக் கொடுத்துப் பார்த்தேன், கிட்டே போய்க் கொடுத்துப் பார்த்தேன். பாய் வந்து பந்தை எடுத்து அவன் வலது உள்ளங்கையில் வைத்துவிடுவார், அவன் போடுவான், அவர் ஓடிப்போய் எடுத்துவந்து மறுபடியும் வைப்பார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் ஆகவில்லை. அவனும் சீக்கிரமே ஊருக்குப் போய்விட்டான்.

அப்புறம் அமெரிக்காவில் வங்கிகள் கவிழ்ந்து ஆர்டர்கள் நின்றன. கம்பெனி முதலில் நிறுத்தியது டீமைத்தான். ரிங்கைக் கழற்றிவிட்டு, கோர்ட்டுக்கு மேல் தகர ஷீட் போட்டுத் துணி அடுக்கினார்கள். நான் நிஜமாகவே செக்கிங் ஆள் ஆனேன். ஒன்றரை பார்க்கத் தொடங்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சோமனூருக்குப் போனேன். தறிக் கூடத்துக்குள் நுழைந்தால் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவதும் கேட்காது. அவன் ஒரு தறிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாங்கண்ணா" என்று வாயசைத்தான். அந்த நேரம் பார்த்து அவன் தறியில் ஒரு இழை அறுந்தது. தறியை நிறுத்தினான். இழையின் இரண்டு முனையையும் தேடி எடுத்தான். அறுந்த இழையை முடிச்சுப் போடுவதற்கு இரண்டு கையிலும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வேண்டும். முனைகளை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து அய்யன் வந்தார். மகனிடமிருந்து முனைகளை வாங்கிக்கொண்டார்.

அவன் என் காதருகே வாயை வைத்துச் சத்தமாகச் சொன்னான். "எங்கய்யன் என்னோட வயசுல ஒத்தை ஆளா நாலு தறி பாத்தாருங்கண்ணா. இப்ப அப்பனும் மகனும் சேந்து நாலு தறி பாக்கறோம். எந்தக் காலம் ஸ்ட்ராங்குன்னு இப்பச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தான். தறிச் சத்தத்தில் அய்யனுக்கு அது கேட்கவில்லை. அவர் இழையை முடிந்து, மகனுடைய தறியை ஓட்டிவிட்டு, தன்னுடைய தறிக்குப் போனார்.